கையால செய்யற டிராபி: பேஸ்ல இருந்து ஆரம்பிங்க

நீங்க கேட்டது இதுதானே: நாலு பேர் சேர்ந்த சின்ன டீம், ஒரு கிளையன்ட் வருஷா வருஷம் குடுக்கப்போற அவார்டுக்கு கையால செஞ்ச டிராபி வேணும்னு வந்திருக்காங்க, இதுக்கு முன்னாடி டிராபி பண்ணதில்ல, ஸ்கெட்ச் போட உக்காந்தாலே ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி சண்டைல முடியுது, எங்க இருந்து ஆரம்பிக்கறது, யார் எதை பாத்துக்கறது. கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல என் அபிப்பிராயத்தை சொல்லிடறேன். டிராபிய மேல இருந்து கீழ டிசைன் பண்ணாதீங்க. முக்கால்வாசி டீம் என்ன பண்ணும்னா, மேல நிக்கற உருவத்தை, அது சுடரோ பறவையோ தூக்கின கையோ, அதை மட்டும் நாள்கணக்கா வரைஞ்சுட்டு கடைசில "சரி, கீழ ஒரு கட்டைய வச்சுக்கலாம்"னு முடிச்சிடுவாங்க. ஆனா பேர் பொறிக்கற இடம், வெயிட், ரெண்டு பாகம் சேர்ற ஜாயிண்ட், கை புடிக்கற இடம் எல்லாமே கீழ்ப்பாதிலதான் இருக்கு, பிரச்சனை வர்றதும் அங்கதான். அதனால பேஸ்ல இருந்து ஆரம்பிங்க. அப்படி ஆரம்பிச்சா உங்க சண்டைல பாதி தானா அடங்கிடும், ஏன்னா நாலு பேரும் கண்ணுக்கு தெரியற ஒரு அளவுக்குள்ள யோசிக்க ஆரம்பிச்சிடுவீங்க.

கிளையன்ட்கிட்ட போகும்போது "உங்களுக்கு எந்த மாதிரி ஸ்டைல் புடிக்கும்"னு கேக்காதீங்க, அதுக்கு யாராலயும் உருப்படியா பதில் சொல்ல முடியாது, மாடர்னா இருக்கணும் ஆனா டிரெடிஷனலாவும் இருக்கணும்னு தான் வரும். அதுக்கு பதிலா மேடைல என்ன நடக்கும்னு கேளுங்க. யார் குடுக்கறாங்க, வாங்கறவங்க ஒத்தைக் கையால தூக்குவாங்களா, மைக் புடிச்சு பேசும்போது டிராபி எங்க இருக்கும், வாங்கறதுல குழந்தைங்களோ வயசானவங்களோ இருக்காங்களா, வீட்டுக்கு எடுத்துட்டு போறதா இல்ல ஒரே டிராபி வருஷா வருஷம் கை மாறுதா, ஜெயிச்சவங்க பேர் நிகழ்ச்சிக்கு எத்தனை நாள் முன்னாடி தெரியும், பிளைட்ல போறவங்க இருக்காங்களா. பாக்க சில்லறைக் கேள்வி மாதிரி தெரியும், ஆனா டிசைனே இந்த பதில்கள்லதான் இருக்கு. கை மாறற டிராபின்னா பின்னாடி வர்ற வருஷங்களுக்கும் பேர் எழுத இடம் விட்டாகணும். ஐஸ் ஹாக்கில குடுக்கற ஸ்டான்லி கோப்பைய பாருங்க, பேர் எழுதற வளையம் நிரம்பிட்டா பழைய வளையத்தை கழட்டி எடுத்துட்டு கீழ புதுசா ஒண்ணு போடறாங்க, அதனால கோப்பை பெருசாகிட்டே போகாம நிக்குது. உங்க கிளையன்ட் 10 வருஷம் நடத்தப்போறேன்னு சொன்னா பத்து பேருக்கு மட்டும் இடம் விடாதீங்க, ஒரு வருஷம் ரெண்டு பேருக்கு சேர்த்து குடுப்பாங்க பாருங்க.

இப்ப வெயிட்டு. ஆஸ்கர் சிலை உயரம் 13.5 இஞ்ச், எடை 8.5 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 3.85 கிலோ. கால்பந்து உலகக்கோப்பை 36.8 செமீ உயரம், 6.175 கிலோ, அதை பெரும்பாலும் ரெண்டு கையாலதான் தூக்கறாங்க, கவனிச்சுப் பாருங்க. ஒத்தைக் கைல புடிச்சு போட்டோவுக்கு சிரிச்சுட்டு நிக்கணும்னா, என் கணக்குல ஒன்றரைல இருந்து ரெண்டரை கிலோ சௌகரியம். ஒரு கிலோவுக்கு கீழ போனா வாங்கறவங்க முகத்துலயே தெரியும், லேசான டிராபிய யாரும் மதிக்க மாட்டாங்க, நியாயமோ இல்லையோ மனுஷ மனசு அப்படி.

அந்த வெயிட் எங்க உக்காரணும்ங்கறது அடுத்த கேள்வி. 10 செமீ அகலமான பேஸ், மொத்த டிராபியோட எடைமையம், அதாவது வெயிட் மொத்தமும் குவிஞ்ச மாதிரி இருக்கற புள்ளி, தரைல இருந்து 15 செமீ உயரத்துல இருக்குன்னு வைங்க, கிட்டத்தட்ட 18 டிகிரி சாஞ்சாலே கவுந்துடும். அதே பேஸ வச்சுக்கிட்டு எடைமையத்தை 8 செமீக்கு இறக்கிட்டா 32 டிகிரி வரைக்கும் தாங்கும். மேல இருக்கற உருவத்துல ஒரு கோடு கூட மாத்த வேண்டியதில்ல, கீழ வெயிட்ட ஏத்தினா போதும். 10க்கு 10, 4 செமீ உயரத்துல ஒரு கட்டைய எடுத்துக்குங்க, நல்ல கெட்டி மரத்துல அது முன்னூறு கிராமுக்கு பக்கத்துல வரும், அதே அளவு கிரானைட்ல ஒரு கிலோ, பித்தளைல 3.4 கிலோ. மரம்தான் வேணும்னு கிளையன்ட் ஒத்தக்கால்ல நின்னா கட்டைக்கு அடில குழி எடுத்து 8க்கு 8 அளவுல 1 செமீ கனத்துக்கு ஒரு இரும்பு பிளேட்ட பதிச்சுட்டு அதை மூடி அடில ஃபெல்ட் துணி ஒட்டிடுங்க, அரைக்கிலோ கூடிடும், வெளிய ஒண்ணும் தெரியாது.

மேடைல கவுறதெல்லாம் எங்க நடக்கப்போகுதுன்னு நினைக்காதீங்க. 2023 ஹங்கேரி கிராண்ட் பிரீ ஃபார்முலா ஒன் ரேஸ்ல, ஜெயிச்ச மேக்ஸ் வெர்ஸ்டாப்பனோட கோப்பை ஹெரெண்ட் பீங்கான், கையால பெயிண்ட் பண்ணது. பக்கத்துல நின்ன லாண்டோ நாரிஸ் கொண்டாட்டத்துல ஷாம்பெயின் பாட்டில மேடைல ஓங்கி குத்தினார், கோப்பை விழுந்து உடைஞ்சிடுச்சு, அப்புறம் புதுசா ஒண்ணு செஞ்சு குடுத்தாங்க. 2011ல ரியல் மாட்ரிட் அணியோட ஊர்வலத்துல செர்ஜியோ ராமோஸ் கைல இருந்து கோப்பை நழுவி அந்த பஸ் சக்கரத்துக்கு அடிலயே போயிடுச்சு. பஸ்ஸ தாங்கற மாதிரி பண்ணுங்கன்னு சொல்லல. ஆனா மேடைல கை வேர்க்கும், பக்கத்துல ஆள் இடிப்பாங்க, மாலை மாட்டும், மேஜை ஆடும், இதெல்லாம் கணக்குல இருக்கணும்.

ஜாயிண்ட் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், டிராபி சொதப்பற இடம் பெரும்பாலும் இதுதான். மேல இருக்கற உலோக உருவத்துக்கு அடில திரெட் போட்டு, கட்டைக்கு நடுவுல ஒரே ஒரு போல்ட்ட கீழ இருந்து விட்டு இறுக்கிடுவாங்க. குடுக்கற அன்னைக்கு கிண்ணுன்னு நிக்கும். ஆனா எல்லாரும் மேல் பாகத்தை புடிச்சுதான் தூக்குவாங்க, தூக்கும்போது லேசா திருகுவாங்க, கொஞ்ச நாள்ல அது லூசாகி உருவம் ஒரு பக்கம் பாக்கும், பேர் தகடு இன்னொரு பக்கம் பாக்கும், கடைசில பம்பரம் மாதிரி சுத்த ஆரம்பிச்சிடும். பசை ஊத்தி நிறுத்தலாம்னு பாப்பாங்க, அது கொஞ்ச நாளைக்குத்தான். சரியான வழி ரொம்ப சிம்பிள், நடுவுல எம் 6 இல்ல எம் 8 போல்ட் (6 இல்ல 8 மில்லிமீட்டர் கனம்), அதுக்கு பக்கத்துல தள்ளி ஒரு சின்ன பின், உருவத்துலயும் கட்டைலயும் ஓட்டை போட்டு அந்த பின்ன உள்ள விட்டுட்டா திரும்பவே முடியாது. அடில அகலமான வாஷர், லாக் நட். இந்த பின்னுக்கான இடம் உருவத்தோட அடில வேணும், கால் நுனி ஒத்தையா தரைய தொடற மாதிரி ஸ்டைலா வரைஞ்சிருந்தீங்கன்னா அதுக்கு இடமே இருக்காது. பேஸ்ல இருந்து ஆரம்பிங்கன்னு நான் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

மரமும் உலோகமும் சேர்ற இடத்துல இன்னொரு தொல்லை. காத்துல ஈரம் ஏற இறங்க மரம் ரேகைக்கு குறுக்கா விரியும், சுருங்கும், 10 செமீ அகலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வரைக்கும் கூட போகும். உலோகம் அப்படி அசையாது. கட்டைய சுத்தி பித்தளைப் பட்டைய டைட்டா மாட்டி எபாக்ஸி போட்டு ஒட்டினா ஒண்ணு மரம் வெடிக்கும், இல்ல பட்டை கழண்டு வரும். நல்லா உலர்ந்த மரமா வாங்கிட்டு, ஸ்குரூ போற ஓட்டைய ரேகைக்கு குறுக்கா கொஞ்சம் நீட்டா எடுத்து விடுங்க, மரம் அசைய இடம் இருந்தா அது பாட்டுக்கு இருக்கும்.

இனி டீம் சமாச்சாரம். நாலு பேரும் ஒரே டேபிள்ல உக்காந்து ஒரே பேப்பர்ல ஐடியா பண்றத நிறுத்துங்க. அப்படி உக்காந்தா முதல்ல வாய தொறந்தவரோட ஐடியாவத்தான் மத்த மூணு பேரும் சுத்தி சுத்தி வருவாங்க, இல்லன்னா எதிர்ப்பாங்க. பேஸ் அளவு, உயரம், வெயிட், பேர் எழுதற இடம், இந்த நாலையும் ஒரு தாள்ல எழுதி எல்லாருக்கும் குடுத்துட்டு, தனித்தனியா போய் வரையச் சொல்லுங்க. ஸ்கெட்ச்ல பேர் எழுதக்கூடாது. எல்லாத்தையும் சுவத்துல ஒட்டிட்டு, செய்யற ஆள் முதல்ல பேசட்டும், அதாவது வார்ப்பு பண்றவரோ மரவேலை பண்றவரோ. "இது அச்சுல இருந்து வெளிய வராது", "இந்த கழுத்து இவ்வளவு மெல்லிசா இருந்தா பாலிஷ் பண்ணும்போதே வளைஞ்சிடும்" அப்படின்னு அவர் சொல்ற ரெண்டு வரில பாதி ஸ்கெட்ச் கழிஞ்சிடும், யார் மனசும் புண்படாது, ஏன்னா கழிச்சது ரசனை இல்ல, செய்ய முடியாதுங்கற நிஜம். உங்க நாலு பேர்ல செய்யற கை யாருக்கும் இல்லன்னா, வெளிய வேலை குடுக்கப்போற பட்டறைக்காரரையே அந்த முதல் நாள் கூட்டி வந்து உக்கார வைங்க. டிசைன முடிச்சுட்டு அவர்கிட்ட கொண்டு போனா அவர் "பண்ணிடலாம் சார்"னுதான் சொல்லுவார், பண்ணிட்டும் வருவார், ஆனா அது நீங்க வரைஞ்சதா இருக்காது.

ஒரு விஷயத்துல மட்டும் உறுதியா இருங்க. ஒருத்தரோட சுடர், இன்னொருத்தரோட இறக்கை, மூணாவது ஆளோட சக்கரம், எல்லாத்தையும் சேர்த்து ஒரே டிராபில வச்சு சமாதானம் பண்ணாதீங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்கதான், டிராபிதான் பாவம். தூரத்துல இருந்து பாக்கறவங்களுக்கு ஒரே ஒரு உருவம்தான் மனசுல நிக்கும். ஐடியா யாரோடதா இருந்தாலும், கடைசி முடிவு எடுக்க ஒருத்தர், அவர் பேர ஆரம்பத்துலயே சொல்லிடுங்க. கிளையன்ட்கிட்ட பேசறதும் ஒருத்தர்தான், முடிவு எடுக்கறவரே அதையும் பண்ணணும்னு இல்ல, சொல்லப்போனா வேற ஆளா இருந்தா நல்லது, ஏன்னா கிளையன்ட் எதிர்ல "கொஞ்சம் யோசிச்சு சொல்றோம்"னு தப்பிக்க ஒரு வழி இருக்கும். கிளையன்ட் பக்கத்துலயும் கையெழுத்து போடற ஆள் ஒருத்தர்தான்னு எழுதி வாங்கிடுங்க, இல்லன்னா எல்லாம் ஓகே ஆன பிறகு சேர்மன் வீட்டுல இருந்து ஒரு கருத்து வரும்.

கிளையன்ட்டுக்கு முதல் தடவை காட்டும்போது கம்ப்யூட்டர்ல பளபளன்னு ரெண்டர் பண்ணின படத்த காட்டாதீங்க. ஸ்க்ரீன்ல எல்லா தங்கமும் மின்னும், அப்புறம் நிஜத்த பாத்துட்டு படத்துல வேற மாதிரி இருந்துச்சேன்னு ஆரம்பிப்பாங்க. நிஜ அளவுல அட்டைலயோ களிமண்ணுலயோ ஒரு மாடல் பண்ணி, உள்ள மணல் மூட்டை வச்சு நிஜ வெயிட் வர்ற மாதிரி ஏத்தி, கைல குடுங்க. கைல வாங்கின உடனே அவங்க எங்க புடிக்கறாங்கன்னு பாருங்க, அதுதான் அந்த கூட்டத்துலயே உங்களுக்கு கிடைக்கற பெரிய தகவல். நீங்க பேஸ் ஓரத்துல வழவழன்னு கிரிப் வச்சிருப்பீங்க, அவங்க நேரா உருவத்தோட இடுப்ப புடிப்பாங்க. அப்ப அங்க கூர்மையான ஓரம் இருக்கக்கூடாது, விரல் ரேகை அப்பற மாதிரி கண்ணாடி பாலிஷும் அங்க வேணாம், லேசா பிரஷ் ஃபினிஷ் குடுத்துடுங்க. அதே மாடல அறையோட அந்தக் கோடில வச்சு போன்ல ஒரு போட்டோ எடுங்க, சின்னதா தெரியற அந்த படத்துல உருவம் என்னன்னு புரியலன்னா மேடைலயும் புரியாது.

மெட்டீரியல் பத்தி சுருக்கமா. வெண்கலமோ பித்தளையோ மெழுகு வார்ப்புல பண்ணினா நுணுக்கம் நல்லா வரும், ஆஸ்கர் சிலையே 2016ல இருந்து அப்படித்தான், மெழுகு உருவத்துக்கு மேல செராமிக் ஓடு கட்டி, மெழுக உருக்கி வெளியேத்திட்டு வெண்கலம் ஊத்தி, அப்புறம் 24 காரட் தங்க முலாம். ஆனா வெண்கலம் ஆறும்போது ஒன்றரை ரெண்டு சதவீதம் சுருங்கும், 30 செமீ உருவத்துல அஞ்சு மில்லிமீட்டர் கிட்ட காணாம போகும், மெழுகும் தன் பங்குக்கு கொஞ்சம் சுருங்கும். அதனால பேஸ்ல போடற ஓட்டைய வரைபடத்த பாத்து போடாதீங்க, வார்ப்பு கைக்கு வந்த பிறகு அதை வச்சு மார்க் பண்ணி போடுங்க. கனமான உருவத்த கெட்டியா ஊத்தாம உள்ள கூடா பண்றது எடைக்கு மட்டும் இல்ல, ஒரே சீரா ஆறவும் உதவும். உலகக்கோப்பை முழுக்க கெட்டித் தங்கமா இருந்தா 70, 80 கிலோ வந்திருக்கும்னு வேதியியல் பேராசிரியர் மார்ட்டின் போலியாகாஃப் கணக்கு போட்டு சொன்னார், யார் தூக்கறது. ரெசின்ல பண்ணினா சிலிகான் மோல்டு ஒண்ணுலயே நிறைய எடுக்கலாம், ஆனா கனமா ஒரே தடவைல ஊத்தினா சூடேறி விரிசல் விடும், அடுக்கடுக்கா ஊத்தணும், வெயில் பட்டா கிளியர் ரெசின் மஞ்சளாகும்னு கிளையன்ட்டுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. கண்ணாடி அழகு, அதை நான் சிபாரிசு பண்ண மாட்டேன், ஹங்கேரி கதைதான் மறுபடி.

ஃபினிஷ்ல கை வைக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன துண்ட டெஸ்ட் பண்ணுங்க. பித்தளை பாலிஷ் பண்ணி அப்படியே விட்டா கை பட்ட இடம் சீக்கிரமே கருக்கும், அதனால கிளியர் லேக்கர், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, அடிப்பாங்க, அந்த லேக்கர் அடில எண்ணெய்ப்பசை இருந்தா உரிஞ்சு வரும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் வெண்கலப் பதக்கம் ஞாபகம் இருக்கா, கொஞ்ச நாள்லயே நிறம் மங்கி மேல்பூச்சு போச்சுன்னு வீரர்கள் படம் போட்டாங்க, பிரான்ஸ் நாணயச்சாலை அதை மாத்திக் குடுக்க வேண்டி வந்துச்சு. அவ்வளவு பெரிய இடத்துலயே அப்படி. ஒரு துண்டுல நீங்க அடிக்கப்போற அதே லேக்கர அடிச்சு, அதை தினம் வேர்வைக் கையோட புரட்டிட்டு, ஒரு வாரம் ஜன்னல்கிட்ட போட்டு வச்சு பாருங்க.

பேர் பொறிக்கறத தயவுசெஞ்சு டிராபி மேல நேரா பண்ணாதீங்க, தனித் தகடா பண்ணுங்க. ஒரு எழுத்து தப்பா போனா தகடு போகும், டிராபி தப்பிக்கும். ஜெயிச்சவர் பேர் ரகசியம்னாலும் இதுதான் வழி, ஆஸ்கர்லயே 2010ல இருந்து நாமினேஷன் ஆன எல்லார் பேர்லயும் தகடு அடிச்சு தயாரா வச்சுக்கிட்டு, ஜெயிச்சவங்களுக்கு மட்டும் விழாவுக்கு அப்புறம் நடக்கற பார்ட்டில மாட்டிக் குடுக்கறாங்க. லேசர் போடற இடத்துல எந்த மெஷின்னு கேளுங்க, ஃபைபர் லேசர் உலோகத்துல நேரா எழுதும், மரத்துக்கும் அக்ரிலிக்குக்கும் இருக்கற கார்பன் டை ஆக்சைடு லேசர் வெறும் உலோகத்துல ஸ்ப்ரே ஏதும் அடிக்காம மார்க் விழாது. தமிழ்ல பேர் போடறதா இருந்தா எழுத்த கொஞ்சம் பெருசா வைங்க, ரொம்ப சின்னதா போனா புள்ளியும் சுழியும் அடைச்சிக்கும், ஃபைல குடுக்கும்போது எழுத்த எல்லாம் கோடா மாத்திக் குடுங்க, இல்லன்னா அவங்க கம்ப்யூட்டர்ல ஃபாண்ட் இல்லாம கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போய் உக்காரும். பேர் லிஸ்ட்ட போன்ல சொல்ல விடாதீங்க, டைப் பண்ணித்தான் வாங்கணும், அதையே பிரிண்ட் எடுத்து அவங்க கையெழுத்தும் வாங்கணும்.

கைவேலைன்னா ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, இதை கிளையன்ட் அழகா தலையாட்டி கேட்டுப்பாங்க, டெலிவரி அன்னைக்கு ரெண்டையும் பக்கத்துல வச்சு "கலர் வேற மாதிரி இருக்கே"ம்பாங்க. அதனால ஒரு சாம்பிள் காட்டாதீங்க, ரெண்டு காட்டுங்க, கொஞ்சம் டார்க்கா ஒண்ணு, லைட்டா ஒண்ணு, இந்த ரெண்டுக்கு நடுவுல எது வந்தாலும் ஓகேன்னு சாம்பிள் அடிலயே கையெழுத்து வாங்கி அதை உங்க பட்டறைல வச்சுக்குங்க.

தேதிய பின்னாடி இருந்து எண்ணுங்க. நிகழ்ச்சி நாள்ல இருந்து பேக்கிங், தகடு, அசெம்பிளி, ஃபினிஷ், வார்ப்புன்னு பின்னோக்கி வந்தா டிசைனுக்கு எவ்வளவு நாள் மிச்சம்னு தெரியும், பொதுவா நீங்க நினைச்சதுல பாதிதான் இருக்கும். ஒருத்தர் உருவத்துக்கு மெழுகு பண்ற நேரத்துல இன்னொருத்தர் பேஸ ஆரம்பிச்சிடலாம், பாக்ஸ் பண்றவரும் மாடல் அளவ வச்சே ஆரம்பிச்சிடலாம், ஓட்டை போடறது மட்டும்தான் வார்ப்புக்காக காத்திருக்கும். எத்தனை தடவை திருத்தம் ஃப்ரீ, அதுக்கு மேல எவ்வளவு, மெழுகு ஸ்டேஜ் தாண்டினா மாத்தமே கிடையாது, இதெல்லாம் குவோட்டேஷன்லயே எழுதிடுங்க, அட்வான்ஸ் வாங்காம மோல்டு போடாதீங்க.

உங்க கேஸ்ல வருஷா வருஷம்ங்கறதால கடைசியா ரெண்டு விஷயம். மோல்டு யாருக்கு சொந்தம், டிசைன வேற பட்டறைல குடுத்து அடிக்கலாமா கூடாதாங்கறத முதல் வருஷமே பேசிடுங்க, ரெண்டாவது வருஷம் பேசினா மனஸ்தாபம்தான். அப்புறம் கேட்ட எண்ணிக்கைய விட ஒண்ணு கூடுதலா செஞ்சு, தகடு இல்லாம, கிளையன்ட்கிட்ட சொல்லாம பெட்டில வச்சு நிகழ்ச்சிக்கு எடுத்துட்டு போங்க, கூடவே போல்ட் இறுக்கற ஆலன் கீ, ஒரு துணி, ரெண்டு லாக் நட். சிலிகான் மோல்டு வருஷக்கணக்குல தாங்காது, அதனால மோல்டு எடுத்த ஒரிஜினல் உருவத்தை, அதாவது மாஸ்டர, பத்திரமா வச்சுக்குங்க, எந்த மரம், எந்த லேக்கர், எத்தனை கோட்டிங்னு ஒரு தாள்ல எழுதி அதோட சேர்த்துக் கட்டி வச்சிடுங்க. அடுத்த வருஷம் உங்க நாலு பேர்ல யார் டீம்ல இருப்பாங்கன்னு யார் கண்டா.